குளிர்நாட்டு வண்டிக் கொட்டகையின் உட்சுவர்

வீட்டுச் சுவர் ஒவ்வொன்றுக்கும் இரு முகங்கள் உண்டு. வெளிமுகம் வெயிலையும் மழையையும் தாங்குகின்றது. உள்முகம் வீட்டாரின் புழக்கத்தைத் தாங்குகின்றது. வெளிமுகத்துக்கு எப்பொருள் ஏற்றது என்பதை வீடு கட்டுவோர் பலமுறை ஆலோசிப்பர். உள்முகத்தைப் பொறுத்தவரை, எந்த நிறம் பூசுவது என்பதோடு ஆலோசனை முடிந்துவிடும். வாழும் அறைகளின் நிலையே இதுவானால், மோட்டார் வண்டி நிற்கும் கொட்டகையின் உட்சுவரைப் பற்றிச் சிந்திப்பவர் மிகச் சிலரே. ஆனால் குளிர்நாடுகளில் வீட்டாரின் உடல்நலமும், சில வேளைகளில் உயிரும் அந்தச் சுவரைச் சார்ந்திருக்கின்றன.

இலங்கையில் மோட்டார் வண்டிக்கு நான்கு தூண்களும் ஒரு கூரையும் இருந்தாற் போதும். சுவர் எழுப்பினாலும், சீமெந்துச் சாந்து பூசி வெள்ளையடித்துவிட்டால் வேலை முடிந்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நிலைமை வேறு. 1983 ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கையிலிருந்து சென்ற தமிழர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ நகரிலும், அதன் அயலிலுள்ள மார்க்கம் முதலிய ஊர்களிலும், வண்டிக் கொட்டகை பெரும்பாலும் வீட்டோடு ஒட்டிக் கட்டப்பட்டு, நாற்புறமும் அடைக்கப்பட்ட ஓர் அறையாகும். அதனைக் கராஜ் என்பர். வண்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிற்கூடத்தையும் அப்பெயரால் அழைப்பது இலங்கை வழக்கு. இங்கே கருதப்படுவது வீட்டுக் கொட்டகையே.

குளிர்காலத்தில் அந்நாட்டு வீடுகளின் அறைகள் ஏறத்தாழ 20 பாகை செல்சியசு வெப்பநிலையில் வைக்கப்படும். கராஜுக்கு அந்த வெப்பம் கொடுக்கப்படுவதில்லை. சனவரி மாதத்து இரவுகளில் ரொறன்ரோவின் வெளிவெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 10 பாகைவரை இறங்குவது வழமை. சில இரவுகளில் 20 பாகைவரையும் இறங்கும். கராஜின் உள்ளேயும் பல நாட்கள் நீர் உறையும் குளிர் நிலவும். மேலும், பல வீடுகளில் இந்த அறையின் சுவர்கள் முழுமையாக முடிக்கப்படுவதில்லை. 16 அங்குலத்துக்கு ஒன்றாகவோ 24 அங்குலத்துக்கு ஒன்றாகவோ நிறுத்திய மரச்சட்டங்களும், அவற்றின் பின்னே வெளிப்புறப் பலகையும் கண்ணுக்குத் தெரியும். அச்சட்டங்களை எதனால் மூடுவது என்பதே வீட்டுக்காரர் முன்னுள்ள கேள்வி. கடையிலோ பலவகைத் தகடுகளும் பலகைகளும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. விலையையும் தோற்றத்தையும் மட்டும் பார்த்துத் தெரிவுசெய்வோர் பின்னர் வருந்த நேரிடும்.

முதலிற் கவனிக்க வேண்டியது, கராஜின் சுவர்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல என்பதாகும். ஒரு சுவர் கராஜுக்கும் வீட்டுக்கும் பொதுவானது. அதன் மறுபுறத்தில் சமையலறையோ கூடமோ இருக்கும். பல வீடுகளில் கராஜின் மேற்கூரைக்கு மேலே படுக்கையறை இருக்கும். ஏனைய சுவர்களின் மறுபுறத்தில் வெறும் வெளியே உள்ளது. பொதுச் சுவரும் மேற்கூரையும் தீயையும் நச்சு வாயுவையும் தடுத்து நிறுத்த வேண்டியவை. வெளிச்சுவர்கள் ஈரத்தையும் மோதலையும் தாங்க வேண்டியவை. இரண்டுக்கும் ஒரே பொருளைத் தேடினால், இரண்டிலொன்று குறைபட்டுப்போகும்.

ஈரத்தைப் பற்றி முதலிற் பார்ப்போமானால், கராஜின் சுவரைக் கெடுப்பது குளிர் என்று பலர் எண்ணுகின்றனர். குளிர் தனியே நின்று பலகையையோ சாந்தையோ பெரிதும் கெடுப்பதில்லை. குளிரோடு கூடிய நீரே கெடுக்கின்றது. 20 பாகை வெப்பமுள்ள காற்று, ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கக்கூடியது. பூச்சியப் பாகையில் அதே அளவு காற்று 5 கிராமுக்கும் சற்றுக் குறைவாகவே தாங்கும். எனவே ஈரமுள்ள காற்றுக் குளிர்ந்த சுவரைத் தொடும்போது, அது தாங்கமாட்டாத நீராவி நீர்த்துளிகளாகச் சுவரிற் படிகின்றது. பனிக்கட்டியிட்ட குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதை யாவரும் கண்டிருப்பர். கராஜின் சுவரில் நிகழ்வதும் அதுவே.

அந்த ஈரம் எங்கிருந்து வருகின்றது? வீதியிலிருந்து வரும் வண்டி தன் சில்லுகளிலும் அடிப்பாகத்திலும் உறைபனியைச் சுமந்து வருகின்றது. இயந்திரத்தின் சூட்டினால் அது உருகித் தரையில் ஓடுகின்றது. வீதியில் பனியை உருக்குவதற்காகத் தூவப்பட்ட உப்பும் அதனோடு சேர்ந்து வருகின்றது. உப்பு ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையதாதலால், தரையும் சுவரின் அடிப்பாகமும் எளிதில் உலர்வதில்லை. நீர் உறையும்போது அதன் கனவளவு நூற்றுக்கு 9 பங்கு அளவில் பெருகும். பகலில் நுண்ணிய துளைகளுட் புகுந்த நீர் இரவில் உறைந்து பெருகி, மறுநாள் உருகி, மீண்டும் உறைகின்றது. இவ்வாறு பலமுறை நிகழும்போது பலமற்ற சாந்து பெயர்கின்றது, பூச்சு உரிகின்றது. இளவேனிலில், வெளிக்காற்று வெப்பமுற்றுச் சுவர் இன்னும் குளிர்ந்திருக்கும் நாட்களில், படியும் ஈரம் பூஞ்சணத்துக்கு இடமளிக்கின்றது.

இரண்டாவது பகை தீ. கராஜில் வண்டி மட்டும் நிற்பதில்லை. பெற்றோல் கலனும், புல்வெட்டும் இயந்திரமும், வர்ணப் பேணிகளும் அங்கேயே வைக்கப்படுகின்றன. பெற்றோலின் ஆவி காற்றிலும் பாரமானது. தரையோடு தவழ்ந்து பரவி ஒரு பொறியினாற் பற்றிக்கொள்ளும். மின்கலத்தால் ஓடும் வண்டிகளிற் பெற்றோல் இல்லையெனினும், அவற்றின் மின்கலம் தீப்பற்றினால் அணைப்பது கடினம். இரவில் கராஜில் தீ மூண்டால், உறங்குவோர் விழித்தெழுந்து வெளியேறச் சில நிமிடங்களாவது வேண்டும். அந்த நிமிடங்களைக் கொடுப்பது பொதுச் சுவரின் கடமை.

மூன்றாவது பகை கண்ணுக்குத் தெரியாதது. பெற்றோல் எரியும்போது உண்டாகும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதிலும் 200 மடங்குக்கு மேலாக இவ்வாயுவைப் பற்றிக்கொள்ளும். அதனால் உடல் ஒட்சிசனின்றித் தவிக்கின்றது. தலைவலி, மயக்கம், பின்னர் மரணம் என்ற வரிசையில் அதன் விளைவு அமையும். குளிர்காலத்து வீடு இவ்வாயுவைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதைப் பலர் அறியார். வீட்டினுள்ளே சூடேறிய காற்று இலேசானது. அது மேலெழுந்து மாடியின் இடுக்குகள் வழியாக வெளியேறும். அந்த வெற்றிடத்தை நிரப்பக் கீழ்ப்பகுதியிலிருந்து காற்று உறிஞ்சப்படும். வீடு முழுவதும் ஒரு புகைபோக்கி போலத் தொழிற்படுகின்றது. கராஜின் பொதுச் சுவரில் மின்கம்பி செல்லும் துளையோ, மூடப்படாத மூட்டோ இருந்தால், உறிஞ்சப்படும் காற்று அதன் வழியே வரும். காலையில் வண்டியைச் சூடேற்றுவதற்காகக் கராஜினுள்ளே ஓடவிடுவோர், முன்கதவு திறந்திருக்கின்றதே என்று ஆறுதல் கொள்வதற்கில்லை.

இக்காரணங்களாலேயே சட்டமும் இவ்விடயத்தில் தலையிட்டுள்ளது. கனடாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வீட்டுக்கும் இணைந்த கராஜுக்கும் இடையே வாயுவும் புகையும் புகாத தடை இருத்தல் வேண்டுமென்கின்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட கதவு இடைவெளியின்றிப் பொருந்துவதாகவும், தானே மூடிக்கொள்வதாகவும் இருத்தல் வேண்டும். அது படுக்கையறைக்குள் திறக்கலாகாது. ஒன்ராறியோவில் 2014 ஆம் ஆண்டிலிருந்து, இணைந்த கராஜ் உள்ள வீடுகளில் உறங்கும் இடங்களுக்கருகே காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி பொருத்துதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் பெரிதும் பின்பற்றப்படும் வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, பொதுச் சுவரின் கராஜ்ப் புறத்தில் அரை அங்குலத்துக்குக் குறையாத ஜிப்சம் தகடும், மேலே வாழும் அறை இருப்பின் மேற்கூரையில் எட்டில் ஐந்து அங்குலத் தடிப்புள்ள சிறப்புவகைத் தகடும் வேண்டுமென்று அளவு குறித்துச் சொல்கின்றது.

இனிப் பொருள்களை ஒவ்வொன்றாக நோக்கலாம். முதலிடம் பெறுவது மேற்சொன்ன ஜிப்சம் தகடு. ஜிப்சம் மண்ணிலிருந்து அகழ்ந்தெடுக்கப்படும் ஒரு கனிப்பொருள். சீமெந்து கலந்தவுடன் விரைந்து இறுகிவிடாமலிருக்க, அதனோடு சேர்த்து அரைக்கப்படுவதும் இதுவே. ஜிப்சத்தைச் சாந்தாக்கித் தாள்களுக்கிடையே வைத்துத் தகடாக்கும் முறைக்கு, ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஒகஸ்ரின் சக்கெற் என்பவர் 1894 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்னர் மரக்கீற்றுக்களை அடித்து, அவற்றின்மேல் சாந்தைப் பல படைகளாகப் பூசி, வாரக்கணக்கில் உலரவிட வேண்டியிருந்தது.

கல்லைப் போற் காணப்படும் ஜிப்சத்தின் நிறையில் ஐந்திலொரு பங்குக்குச் சற்று மேல் நீராகும். அந்நீர் ஈரமாக இல்லாது, கனிப்பொருளோடு இரசாயன முறையிற் பிணைந்துள்ளது. 25 கிலோகிராம் நிறையுள்ள ஒரு தகட்டில் 4 அல்லது 5 கிலோகிராம் நீர் இவ்வாறு ஒளிந்திருக்கின்றது. தீ பற்றும்போது அந்நீர் ஆவியாகி வெளியேறும். அதற்குத் தீயின் வெப்பம் செலவாவதால், நீர் முழுவதும் போகும்வரை தகட்டின் மறுபுறம் நீர் கொதிக்கும் வெப்பநிலைக்கு அதிகம் மேலே செல்வதில்லை. மரம் தீப்பற்ற ஏறத்தாழ 300 பாகை வேண்டுமாதலால், பின்னேயுள்ள மரச்சட்டங்கள் அதுவரை காக்கப்படுகின்றன. நீர் போனபின் தகடு பொடிந்துவிடும். சிறப்புவகைத் தகட்டிற் கண்ணாடி இழைகள் கலந்திருப்பதால், அது மேலும் சிறிது நேரம் உதிராமல் நிற்கும்.

ஆயினும் ஜிப்சம் தகட்டுக்குக் குறைகள் உண்டு. அதன் முகத்திலுள்ள தாள் பூஞ்சணத்துக்கு உணவு. அடிவிளிம்பு ஈரத்தரையைத் தொடுமானால் தகடு நீரை உறிஞ்சிச் சோர்ந்துவிடும். வண்டியின் கதவோ ஏணியோ பட்டால் பள்ளம் விழும். துவிச்சக்கர வண்டியையோ பாரமான தட்டுக்களையோ அதில் நேரே தொங்கவிட இயலாது. இவற்றுக்குப் பரிகாரமும் உண்டு. தகட்டைத் தரையிலிருந்து அரை அங்குலமாவது உயர்த்தி நிறுத்த வேண்டும். தாளுக்குப் பதிலாகக் கண்ணாடியிழைப் படலம் கொண்ட தகடுகள் இப்போது கிடைக்கின்றன. சிறிது விலை கூடினாலும் ஈரமான இடத்துக்கு அவையே நன்று. மூட்டுக்கள் யாவற்றையும் நாடாவும் சாந்தும் கொண்டு மூட வேண்டும். பொதுச் சுவரில் இது அழகுக்காகச் செய்யப்படுவதன்று. மூட்டு மூடப்படாத தகடு தீயைச் சற்றே தடுத்தாலும் வாயுவைத் தடுப்பதில்லை. மின்கம்பிகளும் குழாய்களும் நுழையும் துளைகளையும் அவ்வாறே அடைத்தல் வேண்டும்.

அடுத்தது ஒட்டுப்பலகை. மென்மரத் தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்யப்படும் இப்பலகை மோதலைத் தாங்கும். விரும்பிய இடத்தில் ஆணி அறைந்து கருவிகளைத் தொங்கவிடலாம். திருகாணியாற் பொருத்தினால், பின்னொரு நாளில் மின்கம்பி இழுப்பதற்காகக் கழற்றவும் முடியும். மரச்சீவல்களைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்யும் பலகை விலையிற் குறைந்தது. ஆயின் விளிம்பில் ஈரம் பட்டால் வீங்கிப் பழைய நிலைக்குத் திரும்பாது. எதுவாயினும் ஈரத்தில் விரிந்து வறட்சியிற் சுருங்கும் தன்மையுடையதாதலால், பலகைகளுக்கிடையே ஓர் அங்குலத்தின் எட்டிலொரு பங்கு இடைவெளி விடுதல் முறை. இடைவெளியின்றி நெருக்கிப் பொருத்திய பலகை ஈரகாலத்தில் வயிறு தள்ளி நிற்கும். இப்பலகைகள் யாவும் எரியக்கூடியவை. வெளிச்சுவர்களுக்கு அவை பொருந்தும். பொதுச் சுவருக்குத் தனியே பொருந்தா. அங்கு பலகை வேண்டுமென்போர், முதலில் ஜிப்சம் தகட்டைப் பொருத்தி மூட்டுக்களை மூடி, அதன்மேற் பலகையைப் பொருத்தலாம்.

நார் கலந்த சீமெந்துத் தகடு மூன்றாவது. அது உக்குவதில்லை, எரிவதில்லை, உப்புநீருக்கும் எளிதில் அசைவதில்லை. பாரமும் விலையும் மிகுதியாதலால், சுவர் முழுவதையும் அதனால் மூடுவோர் குறைவு. தரையிலிருந்து ஓரிரு அடி உயரத்துக்கு அதனைப் பொருத்தி, அதற்கு மேலே வேறு தகட்டை வைப்பது சிக்கனமான வழி. நீரும் உப்பும் தாக்குவது பெரும்பாலும் அவ்வுயரத்துக்குள்ளேதான். இத்தகட்டை அறுக்கும்போது எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு செய்வது. முகமூடியின்றி அவ்வேலையிற் கைவைத்தலாகாது.

பிளாஸ்ரிக் தகடுகள் கழுவுவதற்கு எளியவை, வர்ணமும் வேண்டுவதில்லை. வண்டி கழுவும் வழக்கமுள்ளோர் வெளிச்சுவர்களுக்கு அவற்றை விரும்புவர். ஆனால் தீயில் அவை உருகி நச்சுப்புகை கக்கும். பிளாஸ்ரிக் நுரையாலான வெப்பக்காப்புத் தகடுகள் இவற்றிலும் ஆபத்தானவை. அவற்றைச் சுவரிற் பொருத்திவிட்டு அப்படியே திறந்து வைத்தல் கட்டட விதிகளுக்கு மாறானது. மேலே ஜிப்சம் தகடு போன்ற மூடி இருத்தல் வேண்டும்.

ஒன்றும் செய்யாது விடுவதும் ஒரு தெரிவே. வீட்டினின்று விலகித் தனியே நிற்கும் கராஜில், சட்டங்களை மூடாது விட்டால் காற்றோட்டம் இருக்கும். கூரை ஒழுகினாலும் கறையான் புகுந்தாலும் உடனே தெரியவரும். சீமெந்துக் கல்லாற் கட்டிய சுவராயின், நீராவியை அடைத்துவைக்காத வர்ணம் பூசுவதே போதும். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கிப் பின் வெளியே விட்டுக்கொண்டிருப்பதால் நெடுங்காலம் நிலைக்கின்றது. கல்லின்மேல் இறுக்கமான எண்ணெய் வர்ணம் பூசினால் உள்ளே அகப்பட்ட ஈரம் பூச்சைத் தள்ளிப் பெயர்த்துவிடும். இந்த விதி இரு நாட்டுக்கும் பொது.

வெப்பக்காப்புப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உலவுகின்றது. சட்டங்களுக்கிடையே கம்பளிபோன்ற கண்ணாடியிழையை அடைத்துவிட்டால் கராஜ் சூடாகிவிடும் என்பர். போர்வை உடலின் சூட்டைக் காக்கின்றது, சூட்டை உண்டாக்குவதில்லை. வெப்பம் கொடுக்கப்படாத அறையின் வெளிச்சுவருக்கு வெப்பக்காப்பிடுவதால் அதிக பயன் விளைவதில்லை. பின்னொரு காலத்தில் வெப்பமூட்டும் எண்ணமிருந்தால் மட்டும், சுவரை மூடுமுன் அதனை இடுவது அறிவுடைமை. பொதுச் சுவருக்கோ வெப்பக்காப்பு இன்றியமையாதது. அதில் நீராவியைத் தடுக்கும் பொலித்தீன் படலம் சூடான பக்கத்தில், அதாவது வீட்டுப்புறத்தில் இருத்தல் வேண்டும். கராஜ்ப் புறத்திலும் இன்னொரு படலத்தை இட்டால், இடையிற் புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி மரத்தை உக்கச்செய்யும். காற்றைத் தடுப்பது வேறு, நீராவியைத் தடுப்பது வேறு. மூட்டுக்கள் மூடிய ஜிப்சம் தகடு முன்னதைச் செய்து, பின்னதை மெல்லக் கசியவிடும். ஆதலின் அது அவ்விடத்துக்கு ஏற்றது.

வேலைக்கு உரிய காலமும் உண்டு. மூட்டுச் சாந்தும் நீரிற் கரையும் வர்ணமும் பொதுவாக 10 பாகைக்குக் கீழே நன்கு பிடிப்பதில்லை. உலருமுன் உறைந்த சாந்து வெடித்துப் பெயரும். வெப்பமற்ற கராஜில் இவ்வேலையைக் கோடைகாலத்திற் செய்து முடித்தல் வேண்டும். நீர் உலர்வதால் இறுகும் சாந்தைக் காட்டிலும், இரசாயன மாற்றத்தால் இறுகும் சாந்து இத்தகைய இடத்துக்கு உறுதியானது. வர்ணத்தில் வெண்மையே சிறந்தது. சன்னல் குறைந்த அறையில் அது விளக்கொளியைத் திருப்பித் தரும். கசிவோ பூஞ்சணமோ தோன்றினால் உடனே காட்டிக்கொடுக்கும்.

பழைய வீடு வாங்கியோருக்கு ஓர் எச்சரிக்கை. கனடாவிற் கல்நார் 2018 ஆம் ஆண்டின் இறுதியிலேதான் சட்டத்தாற் பொதுவாகத் தடைசெய்யப்பட்டது. 1970களுக்கு முன்னரும் அப்பதின்ம ஆண்டுகளிலும் பூசப்பட்ட மூட்டுச் சாந்திலும், சிலவகை வெப்பக்காப்புப் பொருள்களிலும் அது கலந்திருக்கக்கூடும். பழைய தகட்டை உடைக்கவோ தேய்க்கவோ தொடங்குமுன், சிறு மாதிரியைத் தகுந்த முறையில் எடுப்பித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பி அறிந்துகொள்ளுதல் வேண்டும். அசைக்காதிருக்கும் கல்நார் பெரிதும் தீங்கு செய்வதில்லை. தூசியாகிச் சுவாசத்தோடு செல்லும்போதே அது நுரையீரலைப் பாழாக்குகின்றது.

ஆகவே, கராஜின் உட்சுவரை மூட எண்ணுபவர், கடைக்குச் செல்லுமுன் சில கேள்விகளைத் தாமே கேட்டுக்கொள்ளுதல் நன்று. இச்சுவருக்கு அப்பால் ஆட்கள் உறங்குகின்றனரா? ஆமெனில், மூட்டுக்கள் மூடிய ஜிப்சம் தகடே அங்கு முதற்படை; அதன்மேல் வேறெதையும் அழகுக்காகப் பொருத்தலாம். இச்சுவரின் அடியில் நீர் தேங்குமா? தேங்குமெனில், அந்த உயரம்வரை உக்காத பொருளை இட வேண்டும். இச்சுவரில் பாரம் தொங்குமா? தொங்குமெனில் ஒட்டுப்பலகை பொருந்தும். உள்ளூர்க் கட்டட அலுவலகம் என்ன விதிக்கின்றது? ஊருக்கு ஊர் விதி சிறிது மாறுமாதலின், அதனையும் கேட்டறிதல் வேண்டும். விலையும் நிறமும் இக்கேள்விகளுக்குப் பின்னரே வருவன. பணம் போதாவிடின், வெளிச்சுவர்களை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கலாம்; பொதுச் சுவரையும், தானே மூடும் கதவையும், உறங்கும் இடத்தருகே எச்சரிக்கைக் கருவியையும் ஒத்திவைத்தலாகாது.